கொப்பியை வாசிக்க ஒருவர்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற மகளிர் சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் நோயைப் பற்றிப் பேச வேண்டுமா என்று தோழியர் சிலர் அன்போடு கேட்டார்கள். நாம் எடுத்துக்கொண்ட விடயம் ஒரு சிறிய குளிசை. எங்கள் நோயாளர்கள் அதை "இரத்தம் தண்ணியாகிற குளிசை" என்பார்கள். மருந்துத் துண்டில் அதன் பெயர் வோபரின். அந்தப் பெயருக்கும் இந்த விழாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

1920களில் வட அமெரிக்காவின் பண்ணைகளில் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் பெருகி இறந்தன. அவை தின்றது பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனப்புல். 1933 ஆம் ஆண்டு மாரிகாலத்தில் எட் கார்ல்சன் என்ற விவசாயி, கொட்டும் பனியில் ஏறத்தாழ 190 மைல் ஓட்டிவந்து, இறந்த பசுவையும் ஒரு பால் வாளி நிறைய உறையாத இரத்தத்தையும் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி கார்ல் லிங்கின் முன்னே வைத்தார். பல வருட உழைப்புக்குப் பிறகு லிங்கின் ஆய்வுகூடம் அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த இன்னொரு பொருள் 1948 இல் முதலில் எலிப் பாசாணமாகச் சந்தைக்கு வந்தது. 1954 இல் மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றது. அடுத்த வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதுவே கொடுக்கப்பட்டது.

அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி மன்றம். ஆங்கிலத்தில் அதன் நான்கு முதலெழுத்துக்களைச் சேர்த்து வாசித்தால் 'வோஃப்' என்று வரும். வோபரின் என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. 1925 இல் தோன்றிய அந்த மன்றமும் எமது சங்கத்தைப் போலவே நூறு ஆண்டு கண்டுவிட்டது. படித்த இடத்தை மறவாதவர்கள் கூடி அமைத்த ஒரு மன்றத்தின் பெயரைத்தான் கண்டியில் கிளினிக்குக்கு வரும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் இரவில் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்குகிறாள். ஆகவே பழைய மாணவியரிடம் இந்தக் குளிசையைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

இந்தக் குளிசை யாருக்குத் தேவை? காயம் பட்டால் இரத்தம் உறைய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சிறு வெட்டே உயிரைக் கொண்டுபோய்விடும். ஆனால் உறையக் கூடாத இடத்தில் உறைந்தால் அந்தக் கட்டி குழாயை அடைக்கும். காலின் ஆழ்நாளத்தில் கட்டி உண்டானால் ஒரு கால் மட்டும் வீங்கி நோகும். அது கழன்று நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும், உயிரும் போகலாம். இதயத்தில் உண்டான கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். நீண்டநாள் படுக்கையில் கிடந்தவர்கள், பெரிய சத்திரசிகிச்சை செய்தவர்கள், புற்றுநோயாளர்கள், இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் முதியவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம்.

எமது பிரதேசத்தில் இன்னொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். சிறுவயதில் தொண்டை நோவோடு வந்த காய்ச்சல், சரியான சிகிச்சையில்லாமல் மூட்டுவாதக் காய்ச்சலாகி, இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும். நெருக்கமான லயக் காம்பராக்களில் ஏழெட்டுப் பேர் ஒன்றாகப் படுத்த வீடுகளில் இது பரவ இலகு. இருபது முப்பது வயதில் மூச்சு வாங்கும்போதுதான் தெரியவரும். வால்வை மாற்றி உலோக வால்வு வைத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வோபரின் ஆயுள் முழுவதும் வேண்டும். ஒருநாள் குளிசையும் அவளுக்கு அலட்சியம் செய்யக்கூடியது அல்ல.

இந்தக் குளிசை உண்மையில் இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. ஈரலானது விற்றமின் கே-யைக் கொண்டு உறைதலுக்கு வேண்டிய சில புரதங்களைச் செய்கிறது. வோபரின் அந்த வேலையைத் தடுக்கிறது. ஏற்கனவே இரத்தத்தில் இருக்கும் புரதங்கள் தீர்ந்துபோக நாட்கள் எடுக்கும். அதனால் இன்று கூட்டிய அளவின் முழுப் பலன் நான்கைந்து நாட்களுக்குப் பிறகே தெரியும். இன்று விட்ட பிழையும் அப்படித்தான், உடனே காட்டாது. ஹந்தானையிலோ நக்கிள்ஸ் அடிவாரத்திலோ நடந்தவர்களுக்கு அட்டைக் கடியைத் தெரியும். அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் கசியும். அட்டையின் எச்சிலில் உறைதலைத் தடுக்கும் பொருள் இருக்கிறதென்று ஜோன் ஹேக்ராஃப்ட் 1884 இல் கண்டார். வோபரின் குடிப்பவரின் உடம்பு முழுவதும் அதுபோன்ற ஒரு நிலையில், ஆனால் அளவோடு, வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த அளவை அறியத்தான் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை.

உலகில் எந்த ஆய்வுகூடத்தில் பார்த்தாலும் ஒரே பொருள் தரும்படி, உலக சுகாதார நிறுவனம் 1983 இல் இந்த முறையை ஏற்றுக்கொண்டது. குளிசை குடிக்காத ஒருவருக்கு இந்த எண் ஏறத்தாழ 1. கால் நாளக் கட்டிக்கும் ஒழுங்கில்லாத இதயத் துடிப்புக்கும் பெரும்பாலும் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். இடப்பக்க மேல்வால்வை உலோகத்தால் மாற்றியவர்களுக்கு வழக்கமாக 2.5 முதல் 3.5 வரை. எண் குறைந்தால் கட்டி வரும், கூடினால் இரத்தம் பெருகும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வரப்பு ஒடுக்கமானது. ஒவ்வொருவருக்கும் உரிய எண்ணைக் கிளினிக்கில் கேட்டுக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

சகோதரிகளே, இனிச் சொல்லப்போவதுதான் இன்றைய உரையின் மையம். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறோம்.

முதலாமவர் தினமும் 5 மில்லிகிராம் குளிசை ஒன்று குடித்து வந்தார். ஒரு மாதம் 5 மில்லிகிராம் குளிசை கையிருப்பில் இல்லை. அதற்குப் பதிலாக 1 மில்லிகிராம் குளிசைகள் கொடுக்கப்பட்டன. இரவில் ஐந்து குடிக்க வேண்டும் என்று உறையில் எழுதியிருந்தது. அந்த எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் இல்லை. வழக்கம்போல இரவில் ஒன்று குடித்தார். அடுத்த கிளினிக் திகதிக்கு முன்பே வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய், வாட்டுக்கு வந்தார். கொழுந்து பறித்த கை இன்னும் முழுதாக எழும்பவில்லை.

இரண்டாமவருக்கு நடந்தது மறுபக்கம். 1 மில்லிகிராம் குளிசை மூன்று குடித்தவருக்கு 3 மில்லிகிராம் குளிசை ஒன்று குடிக்கும்படி மாற்றிக் கொடுத்தார்கள். அவர் பழக்கப்படி மூன்று குடித்தார், அதாவது 9 மில்லிகிராம். ஒரு கிழமையில் முரசில் இரத்தம் கசிந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் உறையையும் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "அம்மா, இதுல மூணுன்னு போட்டிருக்கு, பழைய உறையில ஒண்ணுன்னு தானே இருந்துச்சு?" என்று கேட்டாள். அடுத்தநாள் விடியற்காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். விற்றமின் கே கொடுத்து, குளிசையை நிறுத்தி, எண் இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பினோம். தாய் நன்றாக இருக்கிறார்.

இருவரும் குடித்தது ஒரே மருந்து. இருவருக்கும் அளவு மாறியது ஒரே விதமாக. ஒருவருக்கு வீட்டில் வாசிக்க ஆள் இருந்தது, மற்றவருக்கு இல்லை. 2022 இல் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்ட மாதங்களை நாம் மறக்கவில்லை. இனியும் ஒரு குளிசைக்குப் பதில் இன்னொரு பலமுள்ள குளிசை வரத்தான் செய்யும். ஆகவே எத்தனை குளிசை என்று நினைவில் வைப்பது போதாது. எத்தனை மில்லிகிராம் என்று தெரிய வேண்டும். குளிசையின் நிறத்தையும் நம்ப வேண்டாம். கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறலாம்.

பெயரையும் அறிந்திருங்கள். கண்டித் திரித்துவக் கல்லூரியில் படித்து, பேராதனை மருத்துவ பீடத்தின் முதலாவது பீடாதிபதியாக விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தை வியாபாரப் பெயரால் அல்லாமல் அதன் பொதுப் பெயரால் எழுத வேண்டும் என்று போராடியவர். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவர் அவரே. பெட்டியின் மேலே எந்த வியாபாரப் பெயர் இருந்தாலும், கீழே சிறிய எழுத்தில் வோபரின் என்று உள்ளதா எனப் பாருங்கள். இரண்டு வேறு பெயர்களில் ஒரே மருந்தை இரண்டு தடவை குடித்தவர்களும் உண்டு.

குளிசையைப் பின்னேரம் அல்லது இரவு, தினமும் ஒரே நேரத்தில் குடிப்பது நல்லது. கிளினிக்கில் பார்த்த எண்ணுக்கு ஏற்ப அன்றைய அளவை மாற்ற அது வசதி. மறந்துவிட்டால், அன்று நள்ளிரவுக்குள் நினைவு வந்தால் குடிக்கலாம். மறுநாள்தான் நினைவு வந்தால், தவறியதை விட்டுவிட்டுக் கொப்பியில் குறித்துவிடுங்கள். ஒருபோதும் இரண்டு நாள் அளவை ஒன்றாகக் குடிக்கக் கூடாது. கிளினிக் நாள் போயாவில் வந்தாலோ, எசல பெரஹராவுக்காகக் கண்டி வீதிகள் மூடப்பட்டாலோ, அதை முன்பே பார்த்து வேறு திகதி கேளுங்கள். குளிசை தீர்ந்த பிறகு நாள் தேடக் கூடாது.

உணவைப் பற்றிக் கேட்காத நோயாளி இல்லை. "கீரை சாப்பிடக் கூடாதாமே?" என்பார்கள். சாப்பிடலாம். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், முருங்கையிலை, அகத்தி, கோவா எல்லாவற்றிலும் விற்றமின் கே உண்டு. அது வோபரினின் வேலையைக் குறைக்கும். ஆனால் கிழமைக்குக் கிழமை ஏறத்தாழ ஒரே அளவு சாப்பிட்டால் குளிசையின் அளவை அதற்கேற்ப நாங்கள் வைத்துக்கொள்வோம். திடீரென்று தினமும் கொலகெந்த என்ற இலைக்கஞ்சி குடிக்கத் தொடங்குவதும், திடீரென்று கீரையை அடியோடு நிறுத்துவதும்தான் கூடாது. ஏழைப் பெண்ணுக்கு மலிவாகக் கிடைக்கும் சத்து கீரைதான், அதைப் பறித்துவிட வேண்டாம். கந்தசஷ்டி போன்ற விரதங்களிலும் ரமழான் நோன்பிலும் உணவு மாறும். முன்கூட்டியே கிளினிக்கில் சொன்னால் எண்ணைப் பார்க்கும் நாளைச் சற்று நெருக்கி வைக்கலாம்.

உணவை விட மற்ற மருந்துகளே பெரிய ஆபத்து. கால்நோவுக்கும் இடுப்புநோவுக்கும் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், மாதவிடாய் நோவுக்குக் குடிக்கும் மெஃபனமிக் அசிட் ஆகியவை இரைப்பையில் இரத்தப்போக்கை உண்டாக்கும். வைத்தியர் சொல்லாமல் அஸ்பிரினும் வேண்டாம். நோவுக்குப் பரசிற்றமோல் போதும், அதையும் பல நாள் தொடர்ந்து குடித்தால் எண் ஏறும். மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமொக்சசோல், சிப்ரோஃப்ளொக்சசின் போன்ற கிருமி மருந்துகளும், பூஞ்சணத்துக்கான ஃப்ளுகொனசோலும் எண்ணை வெகுவாக ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான சில மருந்துகளும் அதை இறக்கும். எந்தப் புது மருந்து தொடங்கினாலும் நிறுத்தினாலும், சில நாட்களில் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். தசையில் போடும் ஊசியையும் தவிர்க்க வேண்டும். "ஊசி ஒண்ணு போட்டுவிடுங்க, சுகமாயிடும்" என்று கேட்பது எங்கள் மக்களின் வழக்கம். அங்கே முதலில் சொல்ல வேண்டியது, "நான் வோபரின் குடிக்கிறேன்" என்பது.

நாட்டு வைத்தியத்தை நாம் இழிவாகப் பேசவில்லை. சமையலில் போடும் இஞ்சியும் உள்ளியும் மஞ்சளும் பிழையில்லை. அவற்றைச் செறிவாக்கிய மாத்திரைகளும், உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதப்படாத சூரணங்களும், உடம்பு முழுவதும் தேய்க்கும் விண்டர்கிரீன் தைலங்களும் வேறு விடயம். குடிப்பதையும் பூசுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள், நாங்கள் ஏச மாட்டோம். காய்ச்சல் வந்தால் டெங்கு என்ற எண்ணம் உடனே வர வேண்டும். டெங்கில் குருதிச் சிறுதட்டுகள் குறையும். வோபரினும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. இரண்டாம் மூன்றாம் நாள் வரை வீட்டில் காத்திராமல் அன்றே காட்டுங்கள். பல் பிடுங்குவதற்கு முன்னும் சொல்லுங்கள், ஆனால் பயந்து நீங்களாகவே குளிசையை நிறுத்தாதீர்கள்.

பெண்கள் கூடிய சபை என்பதால் இன்னும் சிலவற்றைத் திறந்து பேசுகிறோம். வால்வு மாற்றிய மகளுக்குக் கலியாணம் பேசும்போது அதை மறைப்பவர்கள் உண்டு. மறைத்த குளிசை மாமியார் வீட்டில் சேலை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். ஒளிந்த குளிசை தவறிப்போகும். வால்வில் கட்டி பிடித்த பிறகு மறைக்க எதுவும் இருக்காது. மாப்பிள்ளையிடம் கலியாணத்துக்கு முன்பே சொல்லிவிடுவது அந்தப் பிள்ளையின் உயிருக்குக் காப்பு.

வோபரின் கருவிலுள்ள பிள்ளைக்குப் போய்ச் சேரும். ஆறாம் கிழமை முதல் பன்னிரண்டாம் கிழமை வரையான காலத்தில் பிள்ளையின் மூக்கு, எலும்பு முதலியவற்றின் வளர்ச்சியை அது கெடுக்கலாம். ஹெப்பரின் வகை ஊசி பிள்ளையைச் சேராது, ஆனால் உலோக வால்வைக் காப்பதில் அது வோபரினுக்கு ஈடாகாது. ஆகவே எந்தக் காலத்தில் எது என்பதை இதய வைத்தியரும் மகப்பேற்று வைத்தியரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். கருத்தரிக்க நினைக்கும்போதே குடும்பநல மாதுவிடமும் கிளினிக்கிலும் சொல்லுங்கள். திட்டமில்லாமல் மாதவிடாய் தள்ளிப்போனால் அந்தக் கிழமையே வாருங்கள். பயத்தில் குளிசையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தாய் போய்விட்டால் பிள்ளையும் இல்லை. இலங்கையில் தாய்மார் மரணங்களின் முன்னணிக் காரணங்களுள் இதய நோயும் ஒன்று. பிள்ளை பிறந்த பிறகு வோபரின் குடித்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம், அதில் பயமில்லை.

எந்த நோயும் இல்லாத தாய்க்கும் பிரசவத்துக்குப் பின்வரும் ஆறு கிழமைகளில் காலில் கட்டி வரும் ஆபத்து அதிகம். துடக்கு நாட்களில் அறையிலே படுக்க வைத்து, தண்ணீரையும் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. பத்தியச் சாப்பாட்டைக் கொடுங்கள், தண்ணீரையும் கொடுங்கள், எழும்பி நடக்கவும் விடுங்கள்.

புதிய மருந்துகளைப் பற்றிக் கேட்பீர்கள். டபிகட்ரான், ரிவரொக்சபான், அபிக்சபான் போன்றவற்றுக்கு அடிக்கடி இரத்தம் பார்க்கத் தேவையில்லை. கால் நாளக் கட்டிக்கும் பல முதியவர்களின் ஒழுங்கில்லாத இதயத் துடிப்புக்கும் அவை நல்லவை. உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை கூடாது. மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு இதயம் ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கும், 2022 இல் வெளியான இன்விக்டஸ் என்ற பன்னாட்டு ஆய்வில், ரிவரொக்சபானை விட வோபரின் வகையே உயிரைக் காத்தது. வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பினார் என்று மருந்தை மாற்றிவிட வேண்டாம். அந்தப் பெண்ணுக்குப் பழைய குளிசையும் ஊசிக்குத்தும்தான் இன்றைக்கும் பாதுகாப்பு.

ஆபத்தின் அடையாளங்களை மனதில் பதியுங்கள். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு இரத்தம், கறுத்த மலம், சிவந்த சிறுநீர், மணிக்கொரு தடவை துணி மாற்ற வேண்டிய மாதவிடாய், தாங்க முடியாத தலையிடி, காயமில்லாவிட்டாலும் தலையில் பட்ட அடி ஆகியவை இரத்தப்போக்கின் அடையாளங்கள். ஒரு கால் வீக்கம், நெஞ்சு நோவு, திடீர் மூச்சுத்திணறல், கோணிய வாய், விழுந்த கை, குழறும் பேச்சு ஆகியவை கட்டியின் அடையாளங்கள். விடியும் வரை பார்த்திருக்காமல் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். ஏறும்போது கிளினிக் கொப்பியைக் கையில் எடுங்கள்.

நிறைவாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நாம் எல்லோரும் இந்த மண்டபத்தில்தான் வாசிக்கக் கற்றோம். பலருக்கு மூன்று மொழியும் தெரியும். எம் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பக்கத்துத் தோட்டத்து அம்மா, தனியே இருக்கும் பென்சன்கார ரீச்சர் என வோபரின் குடிக்கும் ஒருவர் நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கக் கூடும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அவருடைய கொப்பியைக் கேட்டு வாங்கி மூன்றை மட்டும் பாருங்கள்: கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு, இரவில் எத்தனை மில்லிகிராம், அடுத்த திகதி எது. உறையில் உள்ள எண்ணும் கொப்பியில் உள்ள எண்ணும் பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் நீங்களாக அளவை மாற்றாமல் கிளினிக்கில் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. முதலாமவருக்கு அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் அவர் இன்று மலையில் நிற்பார்.

இங்கே சொன்னவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் அச்சிட்டு வாசலருகே மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது ஒவ்வொருவரும் இரண்டு எடுத்துச் செல்லுங்கள். ஒன்று உங்கள் வீட்டுக்கு, மற்றது நீங்கள் கொப்பி வாசிக்கப் போகும் அந்த ஒருவருக்கு. சங்கம் நூறாண்டு தாண்டியும் வாழ வாழ்த்துகிறோம்.